கடைசி 300 மீட்டர்

வெள்ளவத்தை, கொழும்பு
ஜனவரி 24

அன்பின் மச்சான்,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவுஸ்திரேலியாவின் போர்ப்ஸ் வெளியில் 3400 மீட்டர் உயரம், வினாடிக்கு 5 மீட்டர் சராசரி ஏற்றம், மூன்று மணித்தியாலத்தில் 180 கிலோமீட்டர். இயந்திரம் இல்லாமல் பாய்ச் சிறகின் கீழே தொங்கிப் பறக்கும் ஹாங் கிளைடரில் இப்படி ஒரு நாள் வாய்ப்பது லேசான காரியம் இல்லை. மனம் நிறைந்து வாழ்த்துகிறேன்.

ஆனால் கடைசி வரியில், "இறங்கும்போது ஒரு டவுன் டியூப் வளைந்துவிட்டது, மற்றும்படி சுகம்" என்று எழுதி முடித்திருக்கிறாய். நீ பிடித்து ஓட்டும் பார் கம்பியின் இரு பக்கமும் நிற்கும் குழாய்களில் ஒன்று அது. என் மனம் அந்த வரியில்தான் நிற்கிறது. நீ இறங்கினது இரண்டரை மணிக்கு. உங்கள் கோடைகால மணிக்கூட்டில் வெயில் உச்சிக்கு வருவதே ஒரு மணி தாண்டித்தான். நிலம் அதற்குப் பிறகுதான் நன்றாகக் காய்ந்து கொதிக்கும். 3000 மீட்டரில் உன்னைத் தூக்கிவிடும் அதே தெர்மல், அதாவது சூடேறி மேலெழும் காற்று, 30 மீட்டரில் உன் கையை முறிக்கும். அதனால் பலத்த நாளில் பகல் பன்னிரண்டுக்கும் பின்னேரம் ஐந்துக்கும் இடையில் நிலத்துக்குக் கிட்ட வரவே கூடாது. மேலே நீ செய்யும் ஒவ்வொரு முடிவும் இதைக் கருதித்தான் இருக்க வேண்டும்.

உனக்கு நடந்தது என்னவென்று உன் விவரிப்பிலேயே இருக்கிறது. "எதிர்க்காற்று என்று நினைத்து இறங்கினேன், கடைசியில் வேகம் கூடிக்கொண்டே போனது" என்கிறாய். ஒரு தெர்மல் நிலத்தை விட்டுக் கிளம்பும்போது, அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று நாலு பக்கத்தாலும் உள்ளே ஓடிவரும். கிளம்பும் இடம் உனக்கு முன்னால் இருந்தால், முதுகுப் பக்கத்துக் காற்று அதை நோக்கி இழுபடும். எதிர்க்காற்று ஓய்ந்து பின்காற்றாக மாறிவிடும். பாயில் படும் காற்றின் வேகம் அதேதான், நிலத்தின் மேல் உன் ஓட்டம் மட்டும் கூடிப்போகும். கால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது, கிளைடரின் மூக்கு நிலத்தில் குத்தும்.

அடுத்த முறை மேலே நிற்கும்போதே காற்றை அளந்துகொள். 300 மீட்டரில், ஒரே வேகத்தில், ஒரே சரிவில் ஒரு முழு வட்டம் சுற்று. ஜிபிஎஸ்ஸில் நிலவேகம் ஒரு பக்கம் 35, மறுபக்கம் 65 என்று காட்டினால் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர், 35 காட்டிய பக்கம்தான் எதிர்க்காற்று. ஒரு வட்டத்தோடு நம்பிவிடாதே. இரண்டாவது வட்டத்தில் வேறு திசை வந்தால் கீழே தெர்மல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அணைக்கட்டுக் குளத்து நீரலை, டிராக்டர் கிளப்பும் புழுதி, மரக்கிளை எல்லாவற்றையும் சேர்த்துப் பார். நீ படுத்துத் தொங்கும் ஹார்னஸ் உறையின் சிப்பை அந்த உயரத்திலேயே திறந்து காலை வெளியே எடு. சிப் சிக்கினால் சரிசெய்ய நேரம் இருப்பது அங்கேதான்.

வெளியைத் தேர்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். அமைதியான நாளில் போதுமான நீளத்தின் இரண்டு மடங்கு எடு. மரவரிசையின் மறைவுப் பக்கம் போகாதே, மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்று அங்கே சுழலும். நிலத்துக்குக் கிட்டக் கிட்டக் காற்றின் வேகம் குறைவதால், கடைசிப் பத்து மீட்டரில் உன் காற்றுவேகமும் சட்டென்று விழும். ஆகவே கடைசி நேர்கோட்டில் மணிக்கு 55 முதல் 60 வரை வைத்திரு. முழங்கால் உயரத்துக்கு வந்த பிறகு பாரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வேகத்தைக் கரை. பார் கையை விட்டுத் தானாக நகரும் வேகம் வந்ததும் ஃபிளேர் செய், அதாவது பாரை முழுதாக முன்னே தள்ளி மூக்கை நிமிர்த்து. முந்தினால் மேலே ஏறி விழுவாய், பிந்தினால் மூக்குக் குத்தும். காற்று 20 கிலோமீட்டருக்கு மேல் என்றால் முழு ஃபிளேரே வேண்டாம், மெதுவாகத் தள்ளிக் காலை வைத்தால் போதும். 30 மீட்டரில் தெர்மல் ஒன்று தூக்கினால் திரும்பப் பார்க்காதே. பாரை உள்ளே இழுத்து நேராகவே போ. நீளமான வெளி எடுக்கச் சொன்னது அதற்குத்தான்.

இன்னொன்று, குத்தப் போகிறது என்று தெரிந்த கணத்தில் டவுன் டியூபை இறுகப் பிடிக்காதே. குழாய் வளையட்டும், அது வளையத்தான் இருக்கிறது. மேற்கை எலும்பு முறிவது அந்தப் பிடியால்தான். வளைந்த குழாயை நிமிர்த்திப் போடுகிற எண்ணம் இருந்தால் இன்றே விட்டுவிடு. அலுமினியம் ஒருதரம் மடிந்தால் மடிந்த இடத்தில் பலம் போய்விடும், புதிதே போடு. கழற்றும்போது மற்ற டவுன் டியூபைத் தரையில் உருட்டிப் பார். மூலைப் பொருத்தின் ஆணிகள், கீழ்க்கம்பிகள் வளையத்தில் திரும்பும் இடம், நடுவில் ஓடும் கீல் குழாய் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார். கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்று.

சரி, இரண்டரை மணிக்கு ஏன் இறங்க வேண்டி வந்தது? லக்லன் ஆற்றோரத்து நீர்ப்பாசன வயல்களுக்கு மேலால் நேரே போயிருக்கிறாய். பச்சை வயலில் வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகும், காற்றைச் சூடாக்க மிச்சம் வராது. சுற்றிவளைத்தாலும் உழுத நிலம், காய்ந்த புல், தகரக் கூரை இருக்கும் வழியாகப் போயிருந்தால் இன்னும் நான்கு மணித்தியாலம் பறந்து ஆறரைக்கு இறங்கியிருப்பாய். உங்கள் ஊரில் சூரியன் மறைய எட்டு மணி தாண்டுமே.

இந்த ஊரில் பச்சை வயலின் குணம் தினமும் தெரிகிறது. மேக அடி எவ்வளவு உயரத்தில் என்று கணிக்கும் சுலபமான வழி உனக்குத் தெரியும்: வெப்பநிலையில் இருந்து, காற்றின் ஈரம் நீராக ஒடுங்கும் பனிபடுநிலையைக் கழித்து, ஒரு பாகைக்கு 125 மீட்டர். கொழும்பில் 31க்கு 23 என்றால் 1000 மீட்டர். உங்களிடம் 36க்கு 8 என்றால் 3500 மீட்டர். சூரியன் ஒன்றுதான், ஈரம்தான் வித்தியாசம். அதோடு இங்கே முற்பகலிலேயே கடற்காற்று புகுந்து, குளிர்ந்த காற்றை நிலத்தோடு ஒட்டிப் பரப்பிவிடுகிறது. கரையோரத்துத் தெர்மல் அத்தோடு சரி. காலை பத்து மணிபோல வெள்ளவத்தைச் சீற்றுக் கூரைகளுக்கு மேல் ஒரு செம்பருந்து வட்டமிடுவதைப் பார்க்கலாம். சிறகை அடிக்காமல், ஒரு பக்கச் சிறகைப் பதித்து, நாலைந்து சுற்றில் புள்ளியாகிவிடும். கடற்காற்று வந்த பிறகு அதே பருந்து சிறகடித்துத்தான் பறக்கிறது.

நீ கேட்ட, பாயை இறுக்கித் தளர்த்தும் விஜி கயிற்று விஷயத்துக்கு வருகிறேன். பலத்த தெர்மலுக்குள் கால்வாசிக்கு மேல் இறுக்காதே. இறுக்கினால் பாயின் முறுக்கம் குறைந்து கிளைடர் திரும்ப மறுக்கும், காற்று ஒரு சிறகைத் தூக்கும்போது அதை இறக்க உன் உடம்பு பாடுபடும். தெர்மலை விட்டு நேராகப் போகும்போது இறுக்கு, அடுத்த தெர்மலின் விளிம்பு தட்டுப்படும் முன்னரே தளர்த்து. உள்ளே போய்த் தளர்த்தலாம் என்றிருந்தால் கை இரண்டும் பாரில் வேண்டியிருக்கும் நேரத்தில் கயிறு தேடுவாய்.

வேகம் இன்னும் முக்கியம். மணிக்கு 45 கிலோமீட்டரில் 30 பாகை சரிந்தால் உன் வட்டத்தின் ஆரை ஏறக்குறைய 28 மீட்டர். 40 பாகை சரிந்தால் 19 மீட்டர். போர்ப்ஸில் தெர்மலின் பலமான நடு மிகவும் ஒடுங்கியது, அதனால் 40 பாகைக்குப் பழகத்தான் வேண்டும். ஆனால் சரிவு கூடினால், சிறகு தாங்கமுடியாமல் போகும் ஸ்டால் வேகமும் கூடும். நேராக 32ல் ஸ்டால் ஆகும் கிளைடர் 45 பாகையில் 38ல் ஸ்டால் ஆகும். 40ல் சுற்றினால் கையிருப்பு வெறும் இரண்டு கிலோமீட்டர். ஆகக் குறைந்தது 48 வைத்திரு, கொந்தளிப்பு என்றால் 52.

காரணம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். மெதுவாகப் பறக்கும் கிளைடர் நடுவுக்குள் நுழைந்தால் மூக்கு நிமிரும். நிமிர்ந்து வேகம் செத்த அதே கணத்தில் விளிம்புக்கு வெளியே, இறங்கும் காற்றுக்குள் விழுந்தால், காற்று பாயின் மேற்பக்கத்தில் அடிக்கும். கிளைடர் மூக்குக்கு மேலால் குப்புறப் புரளும். நுனியில் பாயின் பின்விளிம்பைத் தாங்கும் ஸ்ப்ரொக் குச்சிகள் அதைத் தடுக்கத்தான் இருக்கின்றன. வேகத்துக்காக அவற்றைப் பதிக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். கேளாதே. கைநூலில் உள்ள கோணத்துக்குச் சரிபார்த்து வை. நுழையும்போது பாரைச் சற்று உள்ளே இழு, நடுவில் மூக்கைத் தானாக எழ விடு, வெளியேறும்போது மறுபடி இழு. புரண்டேவிட்டால் பரசூட்டின் கைப்பிடியைப் பார், பிடி, இழு, வெறும் வானம் தெரியும் பக்கம் பலமாக எறி. அந்தப் பரசூட்டைக் கடைசியாக எப்போது மடித்தாய்? வருடம் ஒன்றாகிவிட்டால் அடுத்த பறப்புக்கு முன் மடிப்பித்துவிடு.

உயரம் எதுவும் இல்லாத இடத்திலேயே இந்த ஸ்டால் உயிரை எடுத்ததும் உண்டு. 1896 ஆகஸ்ட் 9ஆம் திகதி, கிளைடர் பறப்பின் முன்னோடி ஓட்டோ லிலியந்தால் ஸ்டால் ஆகி விழுந்தது சுமார் 15 மீட்டரில் இருந்துதான். மறுநாள் இறந்துபோனார்.

மேக அடிக்குக் கிட்டப் போகும்போது 300 மீட்டர் இருக்கும்போதே விளிம்பை நோக்கித் திரும்பு. அடிப்பகுதி கறுத்துப் பரந்த மேகம் என்றால் அதற்கும் முன்னரே. உள்ளே இழுபட்டால் பாரை எவ்வளவு இழுத்தாலும் இறங்காது. நிலத்தில் 36 பாகை என்றால் 3400 மீட்டரில் 2 பாகைதான், ஏனென்றால் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறையப் பத்துப் பாகை குறைகிறது. கையுறை இல்லாமல் விறைத்த விரலோடு இறங்கினால் கடைசி 300 மீட்டரில் பாரை உணரமாட்டாய். தண்ணீரும் அப்படித்தான். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் நீ கீழே வெயிலில் கிளைடர் கட்டும்போதே வற்றத் தொடங்கிவிட்டாய். இரண்டு லீட்டர் பையும் குழாயும் வாய்க்குக் கிட்ட இருக்கட்டும்.

இழுவை விமானத்தின் பின்னால் போவதைப் பற்றி ஒன்று மட்டும். விமானம் தெர்மலுக்குள் போய்த் திடீரென்று உயர்ந்தால் பதறி அதைத் துரத்தாதே. 70 மீட்டர் கயிறு, வினாடிக்கு 15 மீட்டர் வேகம், ஐந்து வினாடிக்குள் நீயும் அதே தெர்மலுக்குள் வந்துவிடுவாய். பக்கவாட்டில் விலகி மீளவில்லை என்றால் யோசிக்காமல் கயிற்றை விடு. கிளம்பும் முன் ஹார்னஸைக் கிளைடரில் மாட்டும் கரபினர் பூட்டு, கால்பட்டி, தொங்கிப் பார்ப்பது, இவை எந்த அவசரத்திலும் விடுபடக்கூடாது.

தொங்கும் இடம் என்றதும் நினைவு வருகிறது. சிறுவயதில் பட்டத்துக்கு முச்சை கட்டுவோமே, ஒரு விரல்கடை மாறினாலும் குத்தும், அல்லது ஏறாது. கீலில் தொங்கு பட்டியும் அதே கணக்குத்தான். ஒரு துளை முன்னே நகர்த்தினால் கையை விட்ட வேகம் கூடும், பின்னே நகர்த்தினால் குறையும். உன்னுடையது மெதுவாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். பலத்த நாளுக்கு ஒரு துளை முன்னே போடு, ஒரே நாளில் இரண்டு வேண்டாம். இந்த வருடமும் பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கரையில் பட்டம் ஏற்றினார்கள். வாடைக்காற்று ஒரே சீராக வரும், பட்டம் ஆணி அடித்தமாதிரி நிற்கும். தெர்மல் வெளியில் அந்தச் சீர் கிடைக்காது.

தூரம் போக வேண்டும் என்ற ஆசை உன் எழுத்தில் தெரிகிறது. 2012 ஜூலை 3 அன்று டெக்சாஸின் சபாட்டாவில் இருந்து டஸ்டின் மார்ட்டின் 764 கிலோமீட்டர் பறந்தார். அன்றே ஜொனி டுரண்ட் 761. காலையில் கிளம்பி நாள் முழுதும் மேலேயே நின்றதால் வந்த தூரம் அது. நீயும் முதலில் இரண்டரை மணியை ஆறரை ஆக்கு.

அந்த நாளின் ட்ராக் கோப்பை அனுப்பு. 3400 மீட்டரை ஆறுதலாகப் பார்ப்பேன், முதலில் கடைசி 300 மீட்டரைத் திறக்கிறேன். புதுக் குழாய் போட்டதும் எழுது. வீட்டில் எல்லோரையும் சுகம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் வெள்ளவத்தை நண்பன்