பனி விழுவதற்கு முந்தைய நாளே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர், ஜனவரி வந்தால் உதகைப் பக்கம் தலைகுந்தா புல்வெளியும் குதிரைப் பந்தய மைதானமும் வெள்ளை வெளேரென்று கிடக்கும் படத்தை நீலகிரிச் செய்திகளில் போடுகிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் எடுத்த அதே காலையில், எங்கள் காந்தல் பகுதியில் வாசலுக்கு வாசல் ஜெரேனியம் பூச்செடியின் இலைகள் வெந்த கீரையாகத் துவண்டு கிடக்கும். "இன்று இரவு உறைபனிக்கு வாய்ப்பு" என்று முந்தைய நாளே நாலு வரி போட்டால் எத்தனையோ செடிகள் பிழைக்கும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பனி விழும் இரவை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். பகலெல்லாம் நல்ல வெயில், மாலையில் பொட்டு மேகம் இல்லை, காற்றும் அடங்கிவிட்டது என்றால் உஷாராகிவிட வேண்டும். மேகம் இருந்தால் மண்ணின் சூடு அவ்வளவு சுலபமாக வெளியேறாது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீடுகள் தப்பி, எங்களைப் போன்ற பள்ளத்து வீடுகள் மாட்டிக்கொள்வது இதனால்தான். குறைந்த வெப்பநிலை 3 டிகிரி என்று செய்தியில் வந்தாலும் புல் மட்டத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கக்கூடும். அந்த எண்ணை மட்டும் நம்பி இருக்க முடியாது.

தெரிந்துவிட்டால் வேலை சின்னதுதான். தொட்டியைச் சுவரோரம் தாழ்வாரத்துக்குள் நகர்த்தினாலே பெரும்பாலும் போதும். தரையில் நட்ட செடிகளுக்கு, தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் போட்டு மூடுகிறார்கள். வீட்டில் பழைய சாக்கோ வேட்டியோ போதும். நாலு குச்சி ஊன்றி, துணி இலையில் படாதபடி மாலையிலேயே மூடிவிட்டு, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளை நேராக இலைமேல் போடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஒட்டிய இடமெல்லாம் கருகிவிடும்.

பனிக்குத் தப்பிய செடியைத் தண்ணீர் கொன்றுவிடுகிறது. ஜெரேனியம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த செடி, தடித்த தண்டில் ஈரம் வைத்துக்கொண்டு வறட்சி தாங்கும். குளிர் மாதங்களில் அது அதிகம் வளராது, அதிகம் குடிக்கவும் செய்யாது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் காலை நேரத்தில் கொஞ்சம் ஊற்றலாம். ரோஜாவுக்கு ஊற்றும் கையோடு இதற்கும் ஊற்றினால் அடித்தண்டு கறுத்து அழுகிவிடும், அதற்குப் பிறகு அந்தத் தண்டு தேறாது. எருவும் அப்போது வேண்டாம்.

எங்கள் வாசலில் இருப்பது என் மாமியார் வைத்த சிவப்பு ஜெரேனியத்தின் வாரிசு. பனிக்கு முன்பே, செப்டம்பரில், பூக்காத கிளையில் நாலு விரல் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டுவார். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் உலர ஒரு ராத்திரி நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றி, சமையலறை ஜன்னலில் வைத்துவிடுவார். வெளியே தாய்ச்செடி போனாலும் உள்ளே குட்டி இருக்கும். நானும் அப்படியே செய்கிறேன். அவர் இன்று இல்லை, அவர் வைத்த சிவப்பு இருக்கிறது.

இன்னொன்று. பிப்ரவரியில் கருகிய செடிகளை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மே மாத மலர்க்காட்சி சீசனுக்குப் புதுச் செடி வாங்குகிறார்கள். போடுவதற்கு முன் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பனி முழுவதும் ஓய்ந்த பிறகு பச்சை இருக்கும் இடம்வரை வெட்டிவிட்டால் கணுவிலிருந்து துளிர்க்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காந்தல், உதகை.