ஓவர்கிளாக் ஆசை இருந்தால் முதலில் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வீட்டுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இந்த மாதிரி விஷயம் தமிழில் அச்சில் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. என் அக்கா மகன் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டான், நான்தான் ஒரு வாரம் பொறுடா என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். காரணம் இதுதான்: பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் முக்கால் பக்கம் போயிருக்கிறது, மெஷினுக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ‘450 வாட்ஸ் போதும்’ என்று மூன்றே சொல், கடைசியில் ‘ஓவர்கிளாக் செய்தால், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், இன்னும் வேகம் கிடைக்கும்’ என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. இந்த இரண்டையும் சேர்த்து நம்பினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், நான் பட்டவன்.

மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் ஆல்பம் வேலையும் செய்கிறேன். 2022 கடைசியில் புதிதாக ஒரு மெஷின் கட்டினேன். ரைசன் 5 5600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, எட்டு எட்டாக 16 ஜிபி ரேம், ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு சின்ன டவர் கூலர். எஸ்எம்பிஎஸ் கேபினட்டோடு சேர்ந்தே வந்தது. இது தாங்குமா என்று கேட்டதற்கு, “அண்ணே, 450 வாட்ஸ்னு போட்டிருக்கு பாருங்க, உங்க மெஷினுக்குத் தாராளம்ணே” என்றார் கடைக்காரர். நானும் ஸ்டிக்கரில் பெரிதாக இருந்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர் எல்லாவற்றையும் 4.6 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தி 1.35 வோல்ட் கொடுத்தேன், ரேம் வேகத்தை 3600-ல் வைத்தேன். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் ஒரு தொந்தரவும் இல்லை.

சித்திரை பிறந்ததும் ஆரம்பித்தது. எடிட் செய்த வீடியோவை முழுப் படமாக்கும் ரெண்டர் வேலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது மெஷின் அணைந்து கிடக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மறுபடி போட்டால் போச்சு. ஆனால் ஒரு ஆல்பத்துக்காகப் படங்களைத் திறந்தபோது, தாலி கட்டும் நேரத்துப் படம் ஒன்றில் பொண்ணின் நெற்றி வரை சரியாக இருக்கிறது, அதற்குக் கீழே படம் ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்து, பச்சையும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக ஓடுகிறது. அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த ஒரு கல்யாணத்தில் மட்டும் 41 படம் அப்படி. கேமரா கார்டை அழித்து அடுத்த வேலைக்குக் கொடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. இரண்டாவது கேமராக்காரரிடம் அதே நேரத்துப் படங்கள் இருந்ததால் ஆல்பம் ஒருவழியாக முடிந்தது, ஆனால் பொண்ணோட அப்பாவிடம் போய் நின்று சொன்ன அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம்தான் மெஷினைப் பிரித்து உட்கார்ந்தேன். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் வேலை செய்வது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் லைனில். என்னுடையதில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வாட்ஸ். மேலே கொட்டை எழுத்தில் 450. என் பிராசஸர் ஓவர்கிளாக் செய்த பிறகு ரெண்டரில் 110 வாட்ஸ் வரை இழுப்பதை மென்பொருளே காட்டியது, 1650 கார்டு 75 வாட்ஸ், இரண்டு ஹார்ட் டிஸ்க், மூன்று ஃபேன். குளிர் மாதத்தில் எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது, வெயில் வந்ததும் விட்டுவிட்டது.

படம் கெட்டுப்போனதற்குக் காரணம் ரேம். கேமரா கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு நாம் காப்பி செய்யும் ஒவ்வொரு பைலும் ரேம் வழியாகத்தான் போகிறது, அங்கே ஒரு பிட் மாறினால் மாறியதுதான் டிஸ்கில் உட்காரும், ஒரு எச்சரிக்கையும் வராது. ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்று ஒரு இலவச மென்பொருள், பென்டிரைவிலிருந்து பூட் செய்து ஓட்டுவது. ராத்திரி ஓட்டினேன், ஒரு எர்ரர் இல்லை. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அதே அறையில் ஓட்டினேன், இரண்டாவது சுற்றிலேயே சிவப்பு வரிகள் வர ஆரம்பித்துவிட்டன. ராத்திரி சோதனையை மட்டும் நம்பி விட்டிருந்தால் இன்னும் எத்தனை கல்யாணம் கெட்டிருக்குமோ!

இதனால்தான் சொல்கிறேன், ஓவர்கிளாக் செய்யும் எண்ணம் இருந்தால் பார்ட்ஸ் வாங்கும் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் எஸ்எம்பிஎஸ், அப்புறம் மதர்போர்டு, கூலர், ரேம், மிச்சப் பணத்துக்கு எந்த பிராசஸர் கிடைக்குமோ அது. இதை ஏன் அடித்துச் சொல்கிறேன் என்றால், இன்று ஓவர்கிளாக்கில் கிடைக்கும் லாபம் அவ்வளவு சின்னது. 1998-ல் செலரான் 300ஏ வாங்கியவர்கள் சிப் வேகத்துக்கு அடிப்படையான பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றி 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450-ல் ஓட்டினார்கள், சுளையாக ஒன்றரை மடங்கு. 2011-ல் வந்த ஐ5-2500கே 3.3 கிகாஹெர்ட்ஸ் சிப், 4.5 வரை சாதாரணமாகப் போனது. இப்போது அந்த மிச்சத்தைக் கம்பெனியே டர்போ, பூஸ்ட் என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறது. என் மெஷினில் 50 நிமிட ரெண்டர் 46 நிமிடமானது, அவ்வளவுதான். அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான் 41 படத்தை இழந்தேன்.

ஆனால் செலவு இருக்கிறதே, அது அந்த விகிதத்தில் ஏறாது. சிப் சாப்பிடும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்குப் போனாலே கால் பங்குக்கு மேல் கூடிவிடும், அதோடு பத்து சதவீதம் வேகமும் சேர்த்தால் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல். அந்த 40 சதவீதமும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும், அதுவும் ஏற்கனவே 37 டிகிரியில் கொதிக்கும் மாடி அறைக்குள். வெளிநாட்டு ரிவ்யூக்களில் கூலரைச் சோதிப்பது 21, 22 டிகிரி ஏசி அறையில். அங்கே 75 என்று காட்டும் கூலர், கத்திரி வெயிலில் நம் வீட்டில் 90-ஐத் தொடும். 5600-க்கு வரம்பே 90 டிகிரி, அதற்கு மேல் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, ரிவ்யூவில் இருக்கும் எண்ணோடு பதினைந்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு கூலர் வாங்குங்கள், கேபினட்டும் முன்பக்கம் வலை வைத்ததாக இருக்கட்டும், முழுக்கக் கண்ணாடி மூடியது பார்க்க அழகு, உள்ளே காற்று போக வழி இல்லை.

மதர்போர்டில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இன்டெலில் பிராசஸர் பெயரில் கே என்ற எழுத்தும் வேண்டும், போர்டு இசட் வரிசையாகவும் இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பிராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு தம்பி கே பிராசஸருக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு எச்610 போர்டில் போட்டு வைத்திருக்கிறான், அந்தப் போர்டில் ரேமைக்கூட ஏற்ற முடியாது. ஏஎம்டியில் பி450, பி550, பி650 எல்லாம் விடும், ஏ320, ஏ520, ஏ620 விடாது. அதோடு, பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் மின்சாரம் மாற்றும் பகுதி, விஆர்எம் என்பார்கள், அதன் மேல் சூட்டை இழுக்கும் நல்ல கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மொட்டையாக இருந்தால் அந்தப் போர்டை வைத்துவிட்டு வாருங்கள். விஆர்எம்மில் இத்தனை ஃபேஸ், அதாவது இத்தனை மின் பாதை, என்று பெட்டியில் போட்டிருக்கும் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ரேம் வாங்கும்போது ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிட் வாங்குங்கள். நான் செய்த தப்பு, இரண்டையும் தனித்தனியாக வாங்கியது, பெயர் ஒன்றுதான் ஆனால் உள்ளே சிப் வேறு. நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்புவதும் அப்படித்தான். ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு 3200, நான்கு குச்சி போட்டால் 2933, அதுவும் சிப்புகள் இரண்டு தொகுதியாக இருக்கும் இரட்டை ரேங்க் ரேமாக இருந்தால் 2667. மெஷினின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்றைத் தட்டிவிடுகிறோமே, பெட்டியில் போட்ட வேகம் வருவதற்கு, அதுவும் ஓவர்கிளாக்தான் என்பதே பலருக்குத் தெரியாது. அதைத் தட்டிய அன்றைக்கே மெம்டெஸ்ட் ஓட்டிவிட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் 80 ப்ளஸ் பிரான்ஸ் முத்திரை இருந்தால் நல்லதுதான், ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை, அதுவும் 23 டிகிரி அறையில் பார்ப்பது, தரத்துக்கு அதுவே உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 12 வோல்ட் ஆம்பியரைப் பெருக்கினால் மொத்த வாட்ஸுக்குப் பக்கத்தில் வர வேண்டும், வாரண்டி ஐந்து வருடமாவது இருக்க வேண்டும், என் கணக்கு அவ்வளவுதான். யூபிஎஸ்ஸையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைக்கும் 600 விஏ பெட்டி பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தரும், கரண்ட் போகும் நொடியில் மெஷின் முழு வேகத்தில் இருந்தால் கையை விரித்துவிடும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? மெஷினை விடுங்கள், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள்.

சோதிப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். புது மெஷினை ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள், கோளாறு இருந்தால் அது பார்ட்ஸின் கோளாறு என்று தெரிந்துவிடும், கடையில் மாற்றித் தருவார்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிராசஸரை முழு வேலையில் வைத்துச் சோதிக்கும் பிரைம்95 இரவு முழுக்க ஓடிவிட்டது, ஆகவே ஸ்டேபிள் என்று முடிவு கட்டாதீர்கள். இப்போதைய ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்று வோல்டேஜைக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதைத் தப்பாக வைத்தால் மெஷின் முழு வேலையில் விழாது, சும்மா இருக்கும்போது விழும், ஏனென்றால் வேலை குறைவாக இருக்கும் நேரத்தில்தான் ஒற்றை கோர் உச்ச வேகத்துக்குப் போகிறது. எனக்கு ரெண்டர் எல்லாம் சரியாக முடிந்து, பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும்போது நீலத்திரை வந்தது. ஆகவே ஒவ்வொரு கோராகத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கர்வ் ஆப்டிமைசரில் குறைக்கும் அளவை மைனஸ் எண்ணாகக் கொடுப்பார்கள், என் சிப்பில் நான்கு கோர் மைனஸ் 20-ஐத் தாங்கியது, இரண்டு கோர் மைனஸ் 10-க்கு மேல் போகவில்லை.

வோல்டேஜை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். இன்டெலின் 13, 14-ம் தலைமுறை சிப்புகளில் நடந்ததைப் பாருங்கள். வாடிக்கையாளர் எதையும் மாற்றாத மெஷின்கள்கூடக் கோளாறு செய்தன, அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிப்பே தேய்ந்துபோகிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் சிப்பை 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க விடாத மைக்ரோகோடு, அதாவது சிப்புக்கான திருத்த மென்பொருள், கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. தேய்ந்ததை அந்த மைக்ரோகோடு திருப்பித் தராது. நாம் வீட்டில் கையால் 1.4, 1.45 என்று ஏற்றினால் யார் வாரண்டி தரப்போகிறார்கள்?

இப்போது என் மெஷினில் புது எஸ்எம்பிஎஸ், நான்கு ஹீட்பைப் கூலர், ஜோடி ரேம் 3200-ல். பிராசஸரின் மின் வரம்பை அதன் 76 வாட்ஸிலேயே விட்டுவிட்டு, வோல்டேஜை மட்டும் குறைத்து வைத்திருக்கிறேன். அதே ரெண்டர் 47 நிமிடம். போன வருடம் கத்திரி முழுக்க 78 டிகிரியைத் தாண்டவில்லை, ஒரு தடவைகூட அணையவில்லை. அக்கா மகனின் லிஸ்டிலும் பிராசஸரை ஒரு படி இறக்கி, அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் கூலருக்கும் மாற்றியிருக்கிறோம். அவனுக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.

அடுத்த இணைப்பில் கால் பக்கம் ஒதுக்க முடிந்தால், ஒரு எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, 12 வோல்ட் கட்டத்தை மட்டும் வட்டமிட்டு, எப்படிப் பெருக்குவது என்று பக்கத்தில் எழுதிப் போடுங்கள். போன வாரக் கட்டுரையை வெட்டி வைத்திருப்பவர்கள் இதையும் வெட்டிக்கொண்டு கடைக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
மதுரை