கைனெடிக் பெல்ட் என்ற பெயரில் அனுப்பப்பட்ட சாதாரண இழுவை பெல்ட்: வாகன மீட்பு கிட் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: தங்கள் நிறுவனத்தின் ஆஃப்ரோடு ரெக்கவரி கிட் விளக்கத்துக்கு மாறாக இருப்பதும், அதனால் ஏற்பட்ட சேதமும், பணத்தைத் திரும்பத் தருவதும், விற்பனையை நிறுத்துவதும் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் இணையக் கடையில் "முழுமையான ஆஃப்ரோடு ரெக்கவரி கிட்" என்ற தலைப்பில் விற்கப்படும், சிக்கிய வண்டியை வெளியே எடுக்கும் கருவிகள் அடங்கிய பையை வாங்கியவன் நான். ஆர்டர் எண்ணும் தேதியும் இணைத்துள்ள பில்லின் நகலில் உள்ளன. அந்தக் கிட்டின் முதன்மைப் பொருளான பெல்ட், தங்கள் பக்கத்தில் சொல்லியிருக்கும் வகையைச் சேர்ந்ததே அல்ல. அதனுடன் வைத்துள்ள விளக்கத் தாள், அந்த பெல்ட்டைக் கொண்டு எதைச் செய்யவே கூடாதோ அதையே செய்யச் சொல்கிறது. இதைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தெரிவித்தபோது, "தவறான பயன்பாடு, பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்ற இரண்டு வரிப் பதிலே வந்தது. ஆகவே இந்தப் புகாரை விரிவாக எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் தோட்டம் தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர்ப் பக்கத்தில் தேரி எனப்படும் செம்மணல் மேட்டை ஒட்டி இருக்கிறது. பனையும் முந்திரியும் நிற்கிற பட்டா நிலம் அது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று செம்மணலை அள்ளிவந்து வண்டிப் பாதையில் கொட்டிவிடும். நேற்றுப் போய்வந்த பாதையில் இன்று அச்சு வரை புதைவது அங்கே புதிதல்ல. பொழுதுபோக்குக்காக மணலில் வண்டி ஓட்டும் ஆர்வம் எனக்கு இல்லை. அன்றாடத் தேவைக்காகவே இந்தக் கிட்டை வாங்கினேன். அந்தப் பாதையில் வண்டி சிக்கினால் பக்கத்தில் உதவிக்கு ஆள் கிடைப்பதும் அரிது.

மீட்பு கிட்டுக்கான பொருள்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் சேர்ப்பவர் தம் வண்டியின் எடையை அறிந்து, அதற்கேற்ற பெல்ட்டையும், அந்த பெல்ட்டுக்கேற்ற ஷேக்கிளையும் (பெல்ட்டை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையம்), வண்டியில் இவை மாட்டப்படும் கொளுவியின் வலிமையையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து வாங்குவார். ஒரு வண்டியின் கொளுவியிலிருந்து மறு வண்டியின் கொளுவி வரை உள்ள அத்தனை கண்ணிகளிலும் எது மெலிந்ததோ அதுதான் முதலில் விடும். விடும்போது அது அமைதியாகக் கீழே விழாமல் பறந்து வரும். இந்தப் பொருத்தத்தைத் தங்கள் நிறுவனமே பார்த்துக் கொடுத்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் தனித்தனியாக வாங்குவதைவிடக் கூடுதல் விலை கொடுத்துச் சேர்த்துக் கட்டிய பையை வாங்கினேன். அந்தப் பொருத்தம் இந்தப் பையில் எங்குமே பார்க்கப்படவில்லை.

முதலில் பெல்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். தங்கள் பக்கத்தில் அது "கைனெடிக் ரெக்கவரி பெல்ட், 9 மீட்டர், 8 டன்" என்று குறிக்கப்பட்டுள்ளது. பெல்ட்டின் மேல் ஒட்டியிருக்கும் பளபளப்பான ஸ்டிக்கரிலும் அதே வாசகம்தான். ஆனால் தையல் மடிப்புக்குள் பாதி மறைந்திருக்கும் சிறு துணி லேபிளை விரித்துப் பார்த்தால், "100% பாலியஸ்டர்" என்று அச்சிட்டிருக்கிறது. அதன் புகைப்படத்தை இணைத்திருக்கிறேன். கைனெடிக் பெல்ட், அதாவது முன் வண்டி சற்று ஓடிவந்து இழுக்கும் மீட்புக்கு உரிய பெல்ட், நைலானால் ஆனது. அது தன் நீளத்தில் ஏறக்குறைய 20 விழுக்காடு நீண்டு கொடுக்கும். இரட்டைப் பின்னல் நைலான் கயிறாக இருந்தால் 30 விழுக்காடு வரைகூட நீளும். பாலியஸ்டர் அப்படி நீளாது. அதனால்தான் பழுதான வண்டியைச் சாலையில் மெல்ல இழுத்துச் செல்லவும், லாரியில் சரக்கைக் கட்டவும் அது பயன்படுகிறது. அந்த வேலைக்கு அது நல்ல பொருள்தான். இந்த வேலைக்கு அது ஆகாது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் ஒரு தாளில் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போய் பெல்ட்டை இறுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 7.7 கிலோஜூல். 9 மீட்டர் நைலான் பெல்ட் 20 விழுக்காடு, அதாவது 1.8 மீட்டர் நீண்டு அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டால், கொளுவியில் விழும் உச்ச விசை ஒரு டன் எடைக்கும் குறைவாகவே இருக்கும். அதே ஆற்றலை 3 விழுக்காடு, அதாவது 27 சென்டிமீட்டர் மட்டுமே நீளும் பெல்ட் வாங்க நேர்ந்தால், அந்த விசை 6 டன் எடையை நெருங்கிவிடும். வண்டியும் வேகமும் ஓட்டுபவரும் மாறாதபோதே பெல்ட்டின் இழை ஒன்று மாறியதால் விசை ஆறு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

இந்த பெல்ட்டின் இரு முனைகளிலும் இரும்புக் கொக்கிகள் தைத்துப் பொருத்தப்பட்டுள்ளன. மீட்பு பெல்ட்டின் முனையில் தைத்த கண்தான் இருக்குமே தவிர, கொக்கி இருப்பதில்லை. அறுந்தால் எறிகணையாகும் இரும்பை முனையில் தொங்கவிடாமல் இருப்பதே அதன் அடிப்படைப் பாதுகாப்பு. கொக்கி வைத்த பெல்ட்டின் படத்துக்கு மேலேயே "கைனெடிக்" என்று எழுதி வெளியிட்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தாரா என்ற ஐயம் எழுகிறது.

"8 டன்" என்ற எண்ணும் விளங்கவில்லை. அது அறுபடும் வலிமையா, பாதுகாப்பாக ஏற்றத்தக்க சுமையா என்று பெல்ட்டிலும் இல்லை, தாளிலும் இல்லை. மீட்பு பெல்ட்டின் குறைந்தபட்ச அறுபடும் வலிமை, இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததன் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. ஆஸ்திரேலியாவில் இத்தகைய பெல்ட்டுகளில் அறுபடும் வலிமையையும் எச்சரிக்கைகளையும் பொறிக்க வேண்டும் என்று கட்டாயத் தரநிலையே இருக்கிறது. தங்கள் பக்கமோ, ஜிம்னி என்ற சிறு வண்டி முதல் சிறு லாரி வரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெல்ட் போதும் என்கிறது. முழுச் சுமையோடு ஏறக்குறைய ஒன்றரை டன் எடையுள்ள ஜிம்னிக்கு மூன்று முதல் நாலரை டன் பெல்ட் போதும். அதைவிட மிகவும் தடித்த பெல்ட், உண்மையிலேயே நைலானாக இருந்தாலும், அந்தச் சிறு வண்டியின் இழுப்புக்கு உரிய அளவு நீளாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்துப் பாதையில் என் வண்டி பின்னச்சு வரை புதைந்தது. டயர்களில் காற்றைக் குறைத்து, சக்கரங்களுக்கு முன்னிருந்த மணலை வாரி, கிட்டில் இருந்த பிடிமானப் போர்டுகளைச் சக்கரங்களின் அடியில் வைத்தும் வண்டி ஏறாததால், என் மைத்துனரின் வண்டியை முன்னே நிறுத்தி இந்த பெல்ட்டை மாட்டினோம். இரு முனைகளும் வண்டிகளின் அடிச்சட்டத்தில் பொருத்திய இழுவைக் கொளுவிகளிலேயே மாட்டப்பட்டன. டோ பால் (டிரெய்லர் மாட்டும் உருண்டை) எதையும் நாங்கள் பயன்படுத்தவில்லை. அறுந்தால் பெல்ட் பறக்கும் வேகத்தைக் குறைக்க அதன் மேல் போடுவதற்கான டேம்பர் என்ற கனத்த விரிப்பு தங்கள் பட்டியலில் இருந்தும் பையில் இல்லை. அதற்குப் பதிலாக ஈரச் சாக்கு ஒன்றை பெல்ட்டின் நடுவில் மடித்துப் போட்டோம். வேலையாட்களை பெல்ட்டின் நீளத்தைவிட அதிகத் தொலைவுக்கு ஒதுங்கி நிற்கச் சொன்னோம். பின்னர் தங்கள் தாளில் உள்ளபடியே சுமார் 2 மீட்டர் தொய்வு விட்டு, மைத்துனர் வண்டியை மெதுவாக நகர்த்தினார். முதல் இழுப்பிலேயே இரண்டு வண்டிகளும் சுவரில் முட்டியதுபோல் அதிர்ந்தன. அடுத்த இழுப்பில் என் வண்டிப் பக்கத்துக் கொக்கி விரிந்து கழன்றது. பெல்ட் சுருண்டு முன்னோக்கிப் பறந்து, மைத்துனர் வண்டியின் பின் விளக்கை உடைத்து, பின்கதவை நசுக்கியது. ஆட்கள் விலகி நின்றதால் யாருக்கும் அடிபடவில்லை.

அந்தக் கொக்கி இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒரு விரல் மட்டும் நுழையக்கூடிய அதன் வாய் இப்போது நான்கு விரல்கள் நுழையும் அளவுக்கு அகன்றிருக்கிறது. ஸ்பிரிங் நாக்கு பிய்ந்துவிட்டது. வளைவின் உட்புறத்தில் பூச்சு உதிர்ந்த இடத்தில் மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது. கொக்கியின் எந்தப் பக்கத்திலும் சுமை அளவோ தயாரிப்பாளரின் குறியோ பொறிக்கப்படவில்லை. அன்று மாலை ஊரிலிருந்து டிராக்டர் வரவழைத்து, வேறு கயிற்றைத் தொய்வே இல்லாமல் கட்டி, ஊர்ந்து போகும் வேகத்தில் இழுத்துத்தான் வண்டியை வெளியே எடுத்தோம்.

தங்கள் பதிலில் உள்ள "தவறான பயன்பாடு" என்ற சொல்லுக்கு விடை தங்கள் விளக்கத் தாளிலேயே உள்ளது. தாளின் மூன்றாம் படத்தில் முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் இடையில் பெல்ட் பாம்புபோல் தரையில் கிடக்கிறது. "1 முதல் 2 மீட்டர் தொய்வு விட்டு, முன் வண்டியை மிதமான வேகத்தில் நகர்த்தவும்" என்று அதன் கீழே எழுதியிருக்கிறது. நைலான் பெல்ட்டுக்கு இது சரியான வழிமுறை. கொக்கி தைத்த பாலியஸ்டர் பெல்ட்டுக்கு இதைவிட ஆபத்தான வழிமுறை இருக்க முடியாது. அந்தப் படத்தில் வரைந்துள்ள பெல்ட்டின் முனைகளில் தைத்த கண்களே உள்ளன, கொக்கிகள் இல்லை என்பதையும் பார்க்க வேண்டுகிறேன். வேறொரு பொருளுக்காகத் தயாரித்த தாளை இந்தப் பையில் போட்டு அனுப்பிவிட்டு, தாளின்படி நடந்தவர்மேல் பழிபோடுவது எந்த வகையில் நியாயம்?

ஷேக்கிள்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. 4.75 டன் வேலைச்சுமை (பாதுகாப்பாக ஏற்றத்தக்க சுமை) என்று பட்டியலில் குறித்திருக்கிறீர்கள். அந்தச் சுமைக்குரிய முக்கால் அங்குல வில் ஷேக்கிளின் குறுக்கு ஆணி (பின்) 22 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். எனக்கு வந்தவற்றின் பின்னை வெர்னியர் அளவுகோலில் அளந்தபோது 19 மில்லிமீட்டர்தான் இருந்தது. அது 3.25 டன் ஷேக்கிளுக்கு உரிய அளவு. தரமான ஷேக்கிளில் வேலைச்சுமை உலோகத்திலேயே புடைப்பெழுத்தாக இருக்கும். இவற்றில் சிவப்புப் பெயின்ட்டின் மேல் ஸ்டிக்கர்தான் இருக்கிறது, அதுவும் நகத்தால் கீறினால் வருகிறது. ஒன்றின் குறுக்கு ஆணி பாதி மரைவரை சுலபமாகச் சுழன்று பிறகு நின்றுவிடுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணலுக்குக் காற்றைக் குறைக்கும்போது கணக்குப் பார்க்க வேண்டிய பிரஷர் கேஜ், பெட்ரோல் பங்க் மீட்டரோடு ஒப்பிட்டால் ஆறு பிஎஸ்ஐ அதிகமாகக் காட்டுகிறது. போர்டுகளின் பல் முனைகள் முதல் முறை சக்கரம் சுழன்றதிலேயே உருகி மழுங்கிவிட்டன. பையின் மேல் இறக்குமதியாளரின் பெயரோ, தயாரித்த நாடோ குறிக்கப்படவில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி அவை கட்டாயம் இருக்க வேண்டும். கையுறையிலும் மடக்கு மண்வெட்டியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண்வெட்டி எங்கள் வீட்டிலேயே இருந்தது.

ஆகவே நான் கேட்பவை இவை. கிட்டின் முழு விலையையும், மைத்துனர் வண்டியின் பின் விளக்கையும் கதவையும் சரிசெய்ய ஆன செலவையும் இணைத்துள்ள பட்டறை பில்லின்படி தர வேண்டும். அந்த பெல்ட்டைக் "கைனெடிக்" என்றும் "ரெக்கவரி" என்றும் குறிப்பிட்டு விற்பதை உடனே நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதே கிட்டை இதுவரை வாங்கிய அனைவருக்கும், அந்த பெல்ட்டைத் தொய்வு விட்டு இழுக்கக் கூடாது என்று தாங்களே எழுதித் தெரிவிக்க வேண்டும். அவர்களின் பெயரும் முகவரியும் தங்களிடம் மட்டும்தான் உள்ளன. எனக்குப் பணம் வந்து சேர்ந்தாலும், இந்த மூன்றாவது கோரிக்கை நிறைவேறாத வரை இந்தப் புகாரை நான் முடிந்ததாகக் கருத மாட்டேன்.

மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் குறைதீர் அலுவலர் கடமைப்பட்டவர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 84ஆம் பிரிவு, வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளுக்கும், சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுறுத்தல் இல்லாத பொருளுக்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் தாங்கள் அல்ல என்றால், அவர் யார் என்பதை எழுத்து மூலம் தெரிவியுங்கள். பையில் அந்த விவரம் இல்லை. அந்தக் காலத்துக்குள் உரிய பதில் வராவிட்டால், நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இந்த ஆவணங்களோடு முறையிடுவேன்.

விரிந்த கொக்கியையும் பெல்ட்டையும் கூரியரில் அனுப்பிவைக்குமாறு தங்கள் சேவைப் பிரிவிலிருந்து கேட்டார்கள். அவை சான்றுப் பொருள்கள் என்பதால் அனுப்ப இயலாது. தங்கள் சார்பில் யார் வந்தாலும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, என் வீட்டிலேயே அவற்றைப் பார்க்கலாம், அளக்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்செந்தூர் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.

இணைப்பு: கிட் வாங்கிய பில்லின் நகல், பட்டறை பில், துணி லேபிள், கொக்கி, ஷேக்கிள் பின் ஆகியவற்றின் புகைப்படங்கள், விளக்கத் தாளின் நகல், தங்கள் பொருள் பக்கத்தின் திரைப்பதிவு, தங்கள் சேவைப் பிரிவின் மின்னஞ்சல்.