ஐப்பசி மழைக்கு முன் நம் புயல் மண்டப வேலையை முடிக்க வேண்டும் – ஊர்க் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அங்காளம்மன் துணை.

உள்ளூரிலும் வெளியூரிலும் கடல் கடந்தும் வாழும் நம் ஊர்ச் சொந்தங்களுக்கு, கடலூர்க் கரையோரத்திலிருந்து வணக்கம்.

நம் புயல் பாதுகாப்பு மண்டபத்தில் கழிப்பறை, குடிநீர் வேலை பாதியில் நிற்கிறது. மலக்குழிக்குப் பள்ளம் தோண்டியாகிவிட்டது. அடித்தளம் தரையிலிருந்து நாலடிக்கு எழும்பிவிட்டது. அதற்கு மேல் கையில் காசு இல்லை. மழை பிடித்துக்கொண்டால் நம் மணலில் ரெண்டடியிலேயே தண்ணீர் ஊறும், பள்ளம் சரியும், இதுவரை போட்டதும் வீணாகும் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புரட்டாசி 15-க்குள் காங்கிரீட் போட்டாக வேண்டும். குறைவது 5,55,000 ரூபாய்.

மண்டபம்தான் இருக்கிறதே, கழிப்பறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இத்தனை லட்சமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காற்று அடங்கியதே என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்து வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு மேல் மண்டபத்தில்தான் இருந்தோம். கூரை ஒழுகவில்லை, சுவர் அசையவில்லை. ஆனால் அறுநூறு பேருக்கு உருப்படியாக இருந்தவை இரண்டு கழிப்பறைகள். அதிலும் தண்ணீர் கிடையாது, மோட்டார் முழுகிவிட்டது. நம் வீட்டுப் பெண்கள், வெளியே போக வேண்டி வருமே என்று பகல் முழுக்க வாயில் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாசமாக இருந்த பெண்ணும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கைகழுவக்கூடத் தண்ணீர் இல்லை. அம்மன் புண்ணியத்தில் உயிருக்கு ஆபத்து வரவில்லை. அடுத்த முறையும் அப்படியே தப்பிவிடுவோம் என்று யார் உறுதி கொடுப்பது?

இந்த மண்ணுக்கு நோயும் கடலும் புதிதல்ல. சூலை நோயால் துடித்த அப்பர் பெருமான் குணமடைந்தது இங்கே பக்கத்தில் திருவதிகையில். கல்லில் கட்டிக் கடலில் தள்ளியும் மூழ்காமல் அவர் கரை சேர்ந்த இடம் நம் திருப்பாதிரிப்புலியூர் என்பது பெரியவர்கள் சொல்லிவரும் வரலாறு. அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளி ஆள் உள்ளே வராமல், வீட்டார் வெளியே போகாமல் கட்டுப்பாடு வைத்தவர்கள் நம் முன்னோர். மருத்துவர்கள் இன்று தனிமைப்படுத்துதல் என்று சொல்வதை அவர்கள் பக்தியோடு செய்தார்கள். அந்தப் பெரியம்மையே உலகில் ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசியும் கட்டுப்பாடும் சேர்ந்து செய்த வேலை அது.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இங்கே விரித்து எழுத எங்களுக்கு மனமில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். உலகம் முழுக்க 14 நாடுகளில் இரண்டேகால் லட்சம் உயிர்கள். ஆனால் அதற்கு அடுத்து வந்த நாட்களில் நம் பெரியவர்கள் நடந்துகொண்ட விதத்தைச் சின்னப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குழி தோண்டினார்கள். பெண்கள் சேர்ந்து ஒரே அடுப்பில் ஊருக்கே சோறு பொங்கினார்கள். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சாதி மதம் பார்க்காமல் கரையோரத்தாருக்கு இடமும் உணவும் கொடுத்ததை இந்தக் கடற்கரை உள்ளவரை மறக்கக் கூடாது.

அலை கொன்ற அளவுக்கு நோயும் கொல்லலாம் என்று அப்போது உலக சுகாதார நிறுவனமே அஞ்சியது. அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? வண்டி வண்டியாகக் குடிநீர் வந்தது, தண்ணீரில் குளோரின் கலந்தார்கள், முகாம் பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள், பிளீச்சிங் பவுடர் தூவாத தெருவே இல்லை. பிணங்களிலிருந்து கொள்ளைநோய் பரவும் என்று ஊரெல்லாம் பயந்தார்கள். உண்மையில் வெள்ளத்துக்குப் பின் நோய் வருவது பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களால்தான். நெரிசலாக இருக்கும் இடத்தில் மலம் குடிநீரோடு கலந்தால் போதும்.

இதற்குச் சாட்சி ஹைத்தி நாடு. 2010 ஜனவரி 12-ல் அங்கே நிலநடுக்கம். லட்சக்கணக்கானவர்கள் கூடாரங்களில் இருந்தார்கள். அக்டோபரில் காலரா புகுந்தது. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் காரணம் என்று பிறகு ஆராய்ச்சியில் தெரிந்தது. எட்டு லட்சம் பேருக்கு மேல் நோய், ஏறக்குறைய பத்தாயிரம் சாவு. ஒரு முகாமின் கழிவுக் குழி சரியாக இல்லாததற்கு ஒரு நாடு கொடுத்த விலை இது. மொசாம்பிக்கில் 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரத்தை அடித்த சில நாட்களிலேயே அங்கும் காலரா வந்துவிட்டது. பக்கத்தில் கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தாலே ஒட்டிக்கொள்ளும் நோய் அது. வலை இழுத்து வெடித்த நம் கால்களை நினைத்துப் பாருங்கள்.

நல்ல சேதியும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தில் அடித்த போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1991-ல் இன்னொரு புயல், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அந்த ஏழை நாடு மனம் தளரவில்லை. கரையெங்கும் உயரமான மண்டபங்களைக் கட்டியது, ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கியது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்தபோது, கொரோனா காலத்திலும் இருபது லட்சம் பேருக்கு மேல் இடம் மாற்றி, சாவை நூறுக்கும் கீழே நிறுத்தியது. நம் ஒடிசாவும் அப்படித்தான். 1999 சூப்பர் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை இழந்த மாநிலம், 2013-ல் ஃபைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தியது. இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. மண்டபம் உயிரைக் காக்கும். ஆனால் உள்ளே மானத்தோடும் சுத்தத்தோடும் இருக்க முடிந்தால்தான் ஜனங்கள் முதல் எச்சரிக்கையிலேயே வருவார்கள். இங்கே நம் பெண்கள் பலர், அந்த நாற்றத்தில் இருப்பதற்கு வீட்டிலேயே கிடந்து சாகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அவர்கள் மீது குற்றமில்லை.

அப்புறம், 1971-ல் மேற்கு வங்கத்தில் அகதிகள் நிரம்பிய பொங்கான் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலானாபிஸ் செய்ததைச் சொல்ல வேண்டும். ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவ்வளவுதான் மருந்து. அதற்கும் சுத்தமான தண்ணீர் முதலில் வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். பேரிடர் முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் கணக்குப்படி தலைக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். அறுநூறு பேருக்கு 9,000 லிட்டர். அதனால்தான் மாடியில் 10,000 லிட்டர் தொட்டி. ஆரம்ப நாட்களிலாவது 50 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும், அதாவது 12. இருக்கும் இரண்டைப் பழுதுபார்த்துப் புதிதாகப் பத்து கட்டுகிறோம். புதிய பத்தில் ஆறு கழிப்பறை பெண்களுக்கு; அவற்றின் வாசல் மண்டபத்துக்கு உள்பக்கம் இருக்கும்.

உயர்ந்த மேடையில் பத்துக் கழிப்பறை, மலக்குழி, பழைய இரண்டின் பழுது சேர்த்து 7,80,000 ரூபாய். ஆழ்துளைக் கிணறும் வெள்ளம் எட்டாத உயரத்தில் மோட்டாரும் 1,90,000. ஜெனரேட்டர் 1,65,000. தொட்டியும் குழாயும் 1,35,000. வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஏறச் சாய்தளம், கைப்பிடி 90,000. பிளீச்சிங் பவுடர், குளோரின் அளவு பார்க்கும் கருவி, உப்பு-சர்க்கரைப் பொட்டலம், கொசுவலை, முதலுதவிச் சாமான் 60,000. மொத்தம் 14,20,000. வந்தது 8,65,000.

பவுடருக்கு எதற்குக் கருவி என்று கேட்டவர்களுக்கு: ஆயிரம் லிட்டருக்குச் சுமார் நாலு கிராம் நல்ல பவுடர் போதும். ஆனால் மூட்டை திறந்து கிடந்தால் பவுடரின் வீரியம் போய்விடும். கலந்து அரைமணி நேரம் விட்டுச் சோதித்தால்தான் தண்ணீர் குடிக்கத் தக்கதா என்று தெரியும். இரண்டு இளைஞர்களும் இரண்டு பெண்களும் இதற்குப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தடைக்காலத்தின் 61 நாளும் வருமானமில்லாமல் கிடந்து, ஜூன் 15-ல் கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே தலைக்கட்டு வரி ஆயிரம் ரூபாயைக் கொண்டுவந்து வைத்த 225 வீட்டாருக்கு அம்மன் ஒரு குறையும் வைக்கமாட்டாள். அந்த வகையில் சேர்ந்தது 2,25,000. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வெயிலில் நின்று உழைக்கும் நம் பிள்ளைகள் 3,40,000 அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு தம்பி, ஊருக்கு வர வைத்திருந்த விமானக் காசைக் கொடுத்துவிட்டு இந்த வருஷம் திருவிழாவுக்கே வரவில்லை. மீன் வியாபாரிகளும் ஏலக்காரர்களும் சேர்ந்து 1,50,000. கோயில் நிதியிலிருந்து 1,00,000. இந்த முறை வாணவேடிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவரே பூசாரி ஐயாதான். மீதி 50,000 சில்லறை சில்லறையாக வந்தது. கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கும் ஆத்தாக்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த பத்தும் இருபதும் அதில் இருக்கிறது. சுனாமியில் மகனை இழந்த அம்மா ஒருவர் ஐயாயிரம் கொடுத்தார். பெயர் போட வேண்டாம், ஒரு கழிப்பறைக் கதவாவது உறுதியாக இருக்கட்டும், பெண்பிள்ளைகள் பயமில்லாமல் போகட்டும் என்றார். முகாமில் இருந்த நாட்களை அவர் மறக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் பென்ஷன் வாங்கிய கையோடு கோயிலுக்கு வந்து ரசீது போட்டுக்கொள்கிறார். கட்டட வேலைக்கு வந்த வெளியூர்ச் சித்தாள்கள்கூட ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் ஊர் 310 தலைக்கட்டு. இன்னும் 85 வீட்டார் வரியே கட்டவில்லை. உடம்பு முடியாதவர்கள், படகு கடனில் தவிப்பவர்கள் அதில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கமாட்டோம். ஆனால் மாடி வீடு கட்டியவர்களும், காதுகுத்துக்குத் தெருமுனை வரை பேனர் வைத்தவர்களும் அந்த 85-ல் இருக்கிறார்கள். மாடி இருக்கிறது, எங்களுக்கு மண்டபம் வேண்டாம் என்று நினைக்கலாம். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோது எந்த வீட்டின் கூரை என்று பார்த்தா பறித்தது? பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவையும் முந்திரியையுமே வேரோடு சாய்த்ததே. காலராவும் மாடிப்படி ஏறாது என்று நினைத்துவிடாதீர்கள். தெருக் குழாய் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வெளியூரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அப்பாவும் அம்மாவும் இங்கேதான் இருக்கிறார்கள். தொலைக்காட்சியில் புயல் சின்னம் பார்த்ததும் பதறிப் போன் போடுகிறீர்கள், நாங்கள் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு மண்டபத்தில் வைக்கிறோம். இனியும் செய்வோம், அது எங்கள் கடமை. அவர்கள் அங்கே ஒரு கழிப்பறைக்குக் கைப்பிடி பிடித்துப் போக வசதி செய்வது உங்கள் கடமை.

வடலூர் தருமசாலையில் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஊர்க்காசும் அன்புக்காசும் சேர்ந்துதான் அது எரிகிறது. அதே மாவட்டத்துக்காரர்கள் நாம், ஐந்தரை லட்சம் நமக்கு முடியாததல்ல. விசைப்படகுக்காரர்கள் ஒரு நாள் மீன்பிடி வருமானத்தில் ஒரு பங்கு, ஃபைபர் படகுக்காரர்கள் ஐந்நூறு, வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஐயாயிரம் என்று கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். பணமாக முடியாதவர்கள் சிமெண்ட், கம்பி, செங்கல் கொடுக்கலாம். இரண்டு நாள் உடல் உழைப்பு கொடுப்பவர்களையும் நன்கொடையாளராகவே எழுதுவோம்.

பணத்தை அங்காளம்மன் கோயில் அலுவலகத்தில் மாலை 5 மணிக்கு மேல் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் குழு ஆட்கள் கையிலும் கொடுக்க வேண்டாம். வங்கி வழியாக அனுப்புபவர்கள் கணக்கு விவரத்தைப் பொருளாளரிடம் நேரில் அல்லது போனில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரவும் செலவும் கோயில் சுவரில் ஒட்டப்படும். ஆவணி கடைசி நாளுக்குள் வரும் தொகையை வைத்துத்தான் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்க முடியும், சிமெண்டுக்கும் அன்றே சொல்லியாக வேண்டும்.

இங்ஙனம்,
ஊர்ப் பஞ்சாயத்தாரும் மண்டபத் திருப்பணிக் குழுவினரும்