எரேமியா 29: வசனத்தோடு வரலாறும் சொல்லிக் கொடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வேத வசனமாகக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளை அச்சடிக்கும் வேலை சபைகளில் தொடங்கிவிட்டது. எரேமியா 29:11 அவற்றில் தவறாமல் இடம்பெறும். கர்த்தருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற அந்த வசனம் ஆறுதலானதுதான். ஆனால் ஞாயிறு பள்ளியிலும் வீட்டு ஜெபக் கூட்டத்திலும் அதைத் தனியே எடுத்துப் போதிக்கும்போது, "இந்த வருஷமே எல்லாம் சரியாகிவிடும்" என்ற பொருள் வந்துவிடுகிறது. அப்படிச் சரியாகாத வீடுகளில், நமக்குத்தான் விசுவாசம் போதவில்லையோ என்று மனம் உடைகிறது.

அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வசனம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதாவின் ராஜா யோயாக்கீனையும் பிரபுக்களையும் தொழிலாளரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். எருசலேமிலேயே இருந்த எரேமியா தீர்க்கதரிசி அவர்களுக்கு எழுதி அனுப்பியதுதான் அந்தக் கடிதம். 28-ம் அதிகாரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே அனனியா என்கிற கள்ளத் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சொல்லி, பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருப்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். எழுபது வருஷம் ஆகும் என்பது 10-ம் வசனம். அதை ஒட்டித்தான் நம் அட்டை வசனம் வருகிறது. அதை மட்டும் எடுத்து உடனடி விடுதலையாகப் போதித்தால், அனனியாவின் செய்தியை எரேமியாவின் பேரில் சொல்கிறோம்.

முக்கால் மணி நேர வகுப்பே இதற்குப் போதும். இரண்டு அதிகாரங்களிலும் சேர்த்து 49 வசனங்கள்தான். முதலில் அவற்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு மீட்டர் நீளத் தாளில், வருஷத்துக்கு ஒரு செ.மீ. வீதம் கோடு போடுங்கள். 597 சிறையிருப்பு, 586 ஆலயம் இடிந்தது, 539 பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசிடம் வீழ்ந்தது, 538 யூதர் திரும்பிப்போக அனுமதி, 516 வாக்கில் புதிய ஆலயம் முடிந்தது. 597-ல் முப்பது வயதானவருக்கு 538-ல் 89 வயது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே மண்ணானார்கள் என்பது பிள்ளைகளுக்குக் கோட்டைப் பார்த்ததும் புரிந்துவிடும். எஸ்றா 3:12-ல், முந்தின ஆலயத்தைக் கண்டிருந்து, புதிய ஆலயத்தின் அஸ்திபாரத்தைப் பார்த்து அழுகிற கிழவர்கள் 586-ல் சிறுவர்களாக இருந்திருக்க வேண்டும் என்பதையும் அவர்களே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

அந்தக் காலத்தில் பாபிலோனில் கணக்கு எழுதிவைத்த களிமண் பலகைகளை அதற்குப் பிறகு காட்டலாம். பாபிலோனில் தோண்டி எடுத்து 1939-ல் வெளியிடப்பட்ட பலகைகளில், யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவருடைய ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. பாபிலோன் ராஜா யோயாக்கீனுக்குத் தினமும் உணவு கொடுத்ததைச் சொல்லும் 2 இராஜாக்கள் கடைசி அதிகாரத்தை அதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 2014-ல் வெளியான வேறு சில பலகைகளில் 'யூதா ஊர்' என்ற குடியிருப்பே வருகிறது. அங்கே யூதர்கள் நிலம் உழுது, வாற்கோதுமையும் பேரீச்சம்பழமும் கொடுத்துக் கணக்குத் தீர்த்திருக்கிறார்கள். "தோட்டம் போடுங்கள்" என்ற வார்த்தைக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை கிடைக்காது. 2014-ல் வெளியான இந்தப் பலகைகள் முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

போதிப்பவர்கள் அடிக்கடி தவறுவது, கோரேசு பாபிலோனைப் பிடித்தபின் எழுதவைத்த களிமண் உருளையைப் பற்றிப் பேசும்போதுதான். 1879-ல் கண்டெடுக்கப்பட்டு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதில், யூதரைத் திருப்பி அனுப்பிய ஆணை எழுதியிருக்கிறது என்று மேடைகளில் சொல்கிறார்கள். யூதா, எருசலேம் என்ற பெயர்களே அதில் கிடையாது. பாபிலோனுக்குக் கொண்டுவரப்பட்ட தெய்வ விக்கிரகங்களையும் ஜனங்களையும் அவரவர் இடத்துக்குத் திருப்பி அனுப்பியதாகப் பொதுவாகத்தான் கோரேசு பேசுகிறார். எஸ்றா 1-ம் அதிகாரத்தோடு பொருந்துகிற கொள்கை அது என்று சொல்லலாம். அதற்குமேல் சொன்னால் பொய்யாகிவிடும். கல்லூரி படிக்கிற பிள்ளை கைபேசியில் ஒரு நிமிடம் தேடிப் பார்த்தால், நாம் சொன்ன மற்றவற்றையும் சேர்த்து சந்தேகிப்பான்.

எழுபது வருஷத்தை 586-லிருந்து 516 வரை எண்ணுகிறவர்கள் உண்டு. பாபிலோனுக்கு முன் ஆண்ட அசீரிய ராஜ்யம் முடிந்த 609-லிருந்து 539 வரை எண்ணுகிறவர்களும் உண்டு. இரண்டையும் அந்தக் கோட்டிலேயே காட்டலாம். 609-க்காக இடப்பக்கம் 12 செ.மீ. விட்டு வையுங்கள். 597-ல் சிறைபோனவர்கள் 2 இராஜாக்கள் 24:14-ன்படி பதினாயிரம் பேர், எரேமியா 52:28-ன்படி 3,023 பேர். ஒன்று ஆண்களை மட்டும் எண்ணியிருக்கலாம் என்பது அனுமானம். அனுமானம் என்றே சொல்லுங்கள். மாணவர் கேட்கும்வரை காத்திராமல், இரண்டு வசனங்களையும் நாமே எடுத்து வாசிப்பது நல்லது.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.