காபியை நிறுத்த மன உறுதி மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், "காபி வெறும் பழக்கம்தான், மன உறுதி இருந்தால் நாளைக் காலையே நிறுத்திவிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மனம் ஆறாமல்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சோமனூரில் தறி ஓட்டுகிறவர். பெரும்பாலும் நைட் ஷிப்ட். நெஞ்சு படபடக்கிறது, பகலில் படுத்தால் கண் மூட மாட்டேன் என்கிறது என்று ஒரே நாளில் காபியை நிறுத்தினார். அவருடைய மன உறுதியில் எந்தக் குறையும் இல்லை. மறுநாளே தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார், குமட்டல் வேறு. தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். சீட்டுப் பணம் அதிலேயே போயிற்று. காபியை நிறுத்தினீர்களா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நர்ஸிங் படிக்கிற என் தங்கை மகள் வந்துதான் கேட்டாள்.

களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற வேதிப்பொருளை அண்டவிடாமல் காபியிலுள்ள காஃபின் மறித்துக்கொள்கிறதாம். திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். சிலருக்கு 9 நாள் வரை நீடிக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டிலேயே இது இருக்கிறது. நீங்கள் அறியாததல்ல. அறிந்தும் ஏன் எழுதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பிறகு நாங்கள் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். சிக்கரியில் காஃபின் கிடையாது. அதனால் தூளில் சிக்கரியைக் கூட்டினோம். சாயங்காலக் காபிக்குப் பதில் சுக்குமல்லிக் காப்பி. தலைவலி எட்டிப் பார்க்கவில்லை. சிக்கரி கலந்தால் கலப்படம் என்று இதே பக்கத்தில்தான் முன்பு எழுதினீர்கள். அளவைப் பாக்கெட்டில் அச்சிட்டு விற்கிற பொருளை அப்படிச் சொல்லலாமா?

"இரவு பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள்" என்று போன வருடம் எழுதியபோதும் கடிதம் போட்டேன். பிரசுரிக்கவில்லை. பல்லடத்திலும் சோமனூரிலும் ராத்திரி முழுக்கத் தறிச்சத்தம் கேட்பது உங்களுக்குத் தெரியாதா? கண் அசராமல் இருக்க நடுராத்திரியில் டீ வாங்கிக் கொடுக்கிற முதலாளிகள், கால் மணி நேரம் உட்கார விடுவதில்லை. டீயிலும் காஃபின்தான். உடம்பில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். விடியற்காலையில் குடித்தவர் வீடு வந்து எப்படி உறங்குவார்? இதையெல்லாம் ஒரு வரி எழுதியிருக்கலாம். உழைத்துக் களைத்தவரை மன உறுதி இல்லாதவர் என்று சொல்லிவிட்டீர்கள்.

ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்டக்கூடாது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொல்லியிருக்கிறது. அதையும், காபியைப் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகி, சோமனூர்