வண்டியின் விலை குறையும், உதிரிபாகத்தின் விலை குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எட்டு, பத்து ஆண்டுகள் ஓடிய ஆடி க்யூ7, பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, லேண்ட் ரோவர் டிஸ்கவரி போன்ற சொகுசு எஸ்.யு.வி.க்கள் புதிய இன்னோவா விலைக்கோ அதற்கும் குறைவாகவோ பழைய கார் சந்தையில் கிடைக்கின்றன. மாதத் தவணையை மட்டும் கணக்குப் போட்டு வாங்குபவர்கள், முதல் பெரிய பழுதிலேயே திணறிப்போகிறார்கள். புதிதாக 80, 90 லட்சத்துக்கு விற்ற வண்டி இன்று 20 லட்சத்துக்கு வரலாம். அதன் கம்ப்ரஸரும் கியர்பாக்ஸும் ஹெட்லைட்டும் இன்றும் 90 லட்ச ரூபாய் வண்டிக்குரிய விலையில்தான் வரும். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஏர் சஸ்பென்ஷன். சில மாடல்களில் பின்பக்கம் மட்டும், சிலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பை இருக்கும். நம் ஊர் வெயிலிலும் புழுதியிலும் அந்த ரப்பர் மடிப்புகளில் எட்டு, பத்து ஆண்டுகளுக்குள் வெடிப்பு விழும். காற்று மெல்லக் கசியும். குறையும் காற்றை ஈடுகட்ட, பைக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், சூடேறும், கடைசியில் எரியும். பையை மாற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல்: காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் மணிகள் நிறைந்துவிட்டால், காற்றைப் பைகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்குக்குள் ஈரம் போய் அதை அரிக்கும். கம்ப்ரஸரை மாற்றும்போது அதற்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலேவையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதிய மோட்டாரும் நிற்காமல் ஓடி எரியும்.

சோதிப்பது எளிது. மாலையில் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை எஞ்சினைப் போடுவதற்கு முன்பு மீண்டும் அளங்கள். நான்கும் சேர்ந்து சிறிது இறங்கினால் குளிர்ச்சியால் இருக்கலாம். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே கசிவு. விற்பவர் ஓர் இரவு வண்டியை நிறுத்த அனுமதிக்கவில்லை என்றால், காலையில் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பாருங்கள். அதே மாடலில் சாதாரண ஸ்பிரிங் வைத்த வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து டீசல். எஞ்சின் புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் கார்களில் உண்டு. அதற்கு முந்தைய சொகுசு டீசல்கள் பலவற்றிலும் உண்டு. சேர்ந்த கரி எரிய வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என்று தினம் ஐந்தாறு கிலோமீட்டர் நெரிசலில் ஊர்ந்தால் அந்த வெப்பம் வராது. கரி எரிந்து முடியும் முன்பே பாதியில் எஞ்சினை நிறுத்த நிறுத்த, கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் வழியாக எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயிலை அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயில் அளவு ஏறியிருந்தால் மகிழாதீர்கள், அது டீசல். நீர்த்த ஆயில் டர்போவையும், எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினையும் தின்னும். பி.எம்.டபிள்யூ.வின் என்47, என்57 டீசல் எஞ்சின்களில் அந்த செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்றும் வேலையில் செயினின் விலையை விட அதை எட்டுவதற்கான கூலி பெரிது.

ஆகவே ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் பெட்ரோல் வாங்கட்டும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் போகிறவருக்கு டீசல் பொருந்தும். ஆயில் குறைந்த சாம்பல் வகையாக, உற்பத்தியாளர் குறிப்பிட்ட தரத்தில் இருக்க வேண்டும். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது. வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆறு சிலிண்டர் டீசலுக்கு 6 முதல் 8 லிட்டர் ஆயில் பிடிக்கும். நம் நகர நெரிசலுக்கு 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வடிகட்டியை அறுத்தெடுத்துவிட்டு மென்பொருளைத் திருத்தித் தருகிறோம் என்பவர்களின் பேச்சைக் கேட்கவே வேண்டாம். அது சட்டவிரோதம், ஊர்க்காற்றுக்கும் கேடு.

கியர்பாக்ஸ் ஆயிலை வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை என்று ஷோரூமில் சொல்வார்கள். ஆனால் பல நிறுவனங்கள் பொருத்தும் 8 வேக கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. அந்த வகைகள் பலவற்றில் ஃபில்டரும் பிளாஸ்டிக் ஆயில் பேனும் (அடியில் ஆயில் தங்கும் தட்டு) ஒரே பாகம், சேர்த்தே மாற்ற வேண்டும்.

நான்கு சக்கர இயக்க வண்டியில் ஒரே ஒரு டயரை மட்டும் புதிதாகப் போடக் கூடாது. டயரின் பட்டன் (மேற்பரப்பு வரிப்பள்ளம்) ஆழம் 2, 3 மில்லிமீட்டர் வேறுபட்டாலே சக்கரங்களின் சுற்றளவு மாறி, முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் ஓயாமல் உரசித் தேயும். ஆக, ஒரு டயர் வெடித்தால் பெரும்பாலும் செலவு நான்கு டயருக்கு. 21 அங்குல வீலை விட 19 அங்குலம் நம் பள்ளங்களைத் தாங்கும், டயரும் மலிவு. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணைப் பாருங்கள்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் நன்றாக இருந்தாலும் அது பழைய ரப்பர்தான்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், சேசிஸ் எண்ணைச் சொல்லி இவற்றுக்குக் கொட்டேஷன் வாங்குங்கள்: முன் ஏர் ஸ்ட்ரட் (காற்றுப் பையோடு கூடிய சஸ்பென்ஷன் தூண்) ஒன்று, கம்ப்ரஸர், டி.பி.எஃப்., கியர்பாக்ஸ் பேனும் ஆயிலும், நான்கு சக்கர பிரேக் டிஸ்க்கும் பேடும், நான்கு டயர், ஒரு ஹெட்லைட், பேட்டரி. கூலியும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்தே கேளுங்கள். கூட்டுத்தொகையில் பாதியையாவது வங்கியில் ஒதுக்கி வைக்க முடியாதவர் அந்த வண்டியை வாங்க வேண்டாம். பாஷ், மாலே, மான், லெம்ஃபோர்டர் போன்ற மூலத் தயாரிப்பாளர்களின் பெட்டியில் பல பாகங்கள் கார் நிறுவன முத்திரை இல்லாமல் குறைந்த விலைக்கு வரும். நல்ல தனியார் வொர்க்‌ஷாப் இருந்தால் அதில் கணிசமாக மிச்சமாகும்.

வண்டியின் கணினிகளைப் படித்துப் பழுதைக் காட்டும் ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்லைனில் விற்கும் மலிவான சிறு கருவி பெரும்பாலும் எஞ்சினை மட்டும்தான் படிக்கும். சஸ்பென்ஷன், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஏர்பேக் வரை படிக்கும் கருவி வேண்டும். பழுதுக் குறியீடு ஒன்றும் இல்லை, ஆனால் சுயசோதனைகள் பல ‘இன்னும் முடிவடையவில்லை’ என்று காட்டினால், அண்மையில் யாரோ பழைய குறியீடுகளை அழித்திருக்கலாம். டி.பி.எஃப்.பின் சாம்பல் அளவையும், கடைசியாகக் கரி எரிந்த பின் ஓடிய தூரத்தையும் எழுதி வாங்குங்கள்.

காப்பீட்டில் சாதாரண பாலிசி எடுத்தால், விபத்தில் சேதமான ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் 50 சதவீதம், 5 ஆண்டு தாண்டி 10 ஆண்டுக்குள் இருக்கும் வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம், 10 ஆண்டும் தாண்டினால் 50 சதவீதம் கழிப்பார்கள். கழிவில்லாத கூடுதல் பாலிசி பழைய வண்டிக்குக் கிடைப்பது அரிது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை இல்லாத பாலிசியில் பணம் வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் சென்னையில் மூழ்கிய வண்டிகளும் சந்தையில் இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் கம்பிகளின் துருவையும் வயர் இணைப்புகளின் பச்சைப் படிவையும் பாருங்கள்.

2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய விதி இருக்கிறது. அப்படி அங்கீகாரம் பெற்றவர்கள் சொகுசு வண்டிகளுக்கு முழு ஸ்கேன் அறிக்கையையும் சர்வீஸ் பதிவையும் வாங்குபவரிடம் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று போக்குவரத்துத் துறை நிபந்தனை சேர்க்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றோடு அந்த அறிக்கையின் நகலும் இணைக்கப்பட்டால், குறியீட்டை அழித்து விற்பது வெகுவாகக் குறையும்.

இப்படிக்கு,
மோட்டார் வாகனப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.